அந்தக் குட்டிச் சாக்ஸை ஒரு தடவை திருப்பிப் பாருங்கள்

இந்த ஆண்டில் சாக்ஸ் நூல் இறுகி, டாக்டரான என்னிடம் வந்த மூன்றாவது கால்விரல் இது. முதல் இரண்டுக்கும் வாயால் சொல்லி அனுப்பினேன். இனி எழுதித்தான் ஆக வேண்டும்.

தக்கலைப் பக்கத்திலிருந்து வந்த இரண்டரை மாதப் பிள்ளை. முந்தைய நாள் இரவு எட்டு மணிக்குத் தொடங்கிய அழுகை நிற்கவே இல்லை. ஓமத் தண்ணீர் கொடுத்தாயிற்று, தொப்புளைச் சுற்றிப் பெருங்காயம் தடவியாயிற்று, வற்றல் மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாயிற்று. கடையில் கேட்டு வாங்கிய வாயு சொட்டு மருந்தும் உள்ளே போயிருந்தது. காலை ஆறரைக்கு என் வீட்டு வாசலில் நின்றார்கள். காது, வாய், வயிறு, தொடை இடுக்கு எல்லாம் பார்த்தாயிற்று. மிச்சம் இருந்தது கால். வெள்ளை நூலில் ரோஸ் ஓரம் வைத்து, கொக்கி ஊசியால் பின்னிய குரோஷா சாக்ஸ்.

"அதக் கழத்தாண்டாம் மக்களே, மழைக் குளிரு" என்றார் பாட்டி.

கழற்றினேன். இடது கால் நடுவிரல் நாவல்பழ நிறத்தில் வீங்கிக் கிடந்தது. விரலின் அடியில், வீங்கிய தோலுக்குள் பாதி புதைந்து, ரோஸ் நூல் இரண்டு சுற்று. பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, நுனி மெல்லிய கத்தரியால் அதை ஒவ்வொரு இழையாக எடுக்க இருபது நிமிடம் ஆனது. விரல் பிழைத்தது. நூல் இறுகிய விரலுக்கு என்ன ஆகும் என்று நான் விளக்கப் போவதில்லை; ரப்பர் பேண்டை விரலில் சுற்றி விளையாடியவர்களுக்குத் தெரியும்.

"நான் நாப்பது வருஷமாப் பின்னுறேன்" என்றார் பாட்டி, கண் கலங்கி. நம்பினேன். முளகுமூடு மடத்துச் சிஸ்டர்மாரிடம் லேஸ் கற்ற கை அது. நம் மாவட்டத்துக்கு இது புதிதும் இல்லை. நாகர்கோவிலில் மிஷனரி மனைவி மார்த்தா மால்ட் 1820களில் பெண்களுக்கு லேஸ் கற்றுக்கொடுத்ததிலிருந்து இங்கே பின்னல் தெரிந்த கை ஏதாவது ஒரு வீட்டில் இருந்துகொண்டே இருக்கிறது. நானும் பின்னுகிறவள்தான். அந்தச் சாக்ஸின் வெளிப்பக்கத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. உள்பக்கத்தை யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு அதிகம் எரிச்சல் வருவது ஒரே ஒரு வாக்கியத்தில்: "கடையில வாங்கினது இல்ல டாக்டர், கையால பின்னினது, ஒண்ணும் செய்யாது." மூன்று வீட்டிலும் இதே வாக்கியம். கையால் பின்னியதற்கும் ஒன்றும் செய்யாததற்கும் என்ன சம்பந்தம்? கடையில் விற்கும் பொம்மைக்கு 2021 ஜனவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். யாரோ ஒருவர் அதை இழுத்துப் பார்த்திருப்பார், பிய்த்துப் பார்த்திருப்பார். பாட்டி பின்னிய முயலை யார் இழுத்துப் பார்த்தார்கள்? அன்போடு பின்னினீர்கள், சரி. நூலுக்கு அது தெரியாதே. கடைச் சாக்ஸை வாங்கி வந்ததும் சந்தேகத்தோடு நாலு பக்கமும் திருப்பிப் பார்க்கிற அதே அம்மா, மாமியார் பின்னியதைப் பார்க்காமலேயே மாட்டிவிடுகிறார். பார்த்தால் மாமியார் மனம் நோகுமாம். நோகட்டும்.

பின்னுகிறவர்களுக்கு மட்டும் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். சாக்ஸை விரல் நுனியிலிருந்து வட்டமாகத் தொடங்குவோம். தொடக்க நூலின் வால், பிள்ளையின் விரல்கள் வந்து நிற்கிற அதே இடத்தில் உள்ளே தொங்கும். நிறம் மாற்றுகிற இடத்தில் இன்னும் இரண்டு வால். அவசரத்தில் ஒரு முடிச்சுப் போட்டு ஒட்ட வெட்டிவிடுகிறோம். நாலு துவைப்பில் முடிச்சு நழுவும், கண்ணி தளரும், உள்ளே ஒரு சுருக்கு தயார். பிள்ளை சும்மாவா கிடக்கும்? உதைத்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு உதைக்கும் ஒரு முறுக்கு. ஆகவே, வாலை ஒரு விரல் நீளம் விடுங்கள். மொட்டை ஊசியில் கோத்து, போன வழியே திரும்பவும் மாறி மாறி மூன்று தடவை ஓட்டிய பிறகு வெட்டுங்கள். வெட்டியதும் உள்பக்கத்தை வெளியே திருப்பிப் பாருங்கள்; மறுபடி நேராக்கி, உங்கள் சுண்டுவிரலை உள்ளே விட்டுத் துழாவுங்கள். எங்காவது மாட்டினால் அது பிள்ளைக்கு வேண்டாம்.

தலைமுடியும் இதே வேலையைச் செய்யும். பிரசவம் முடிந்து இரண்டு மூன்று மாதத்தில் அம்மாவுக்கு முடி கொட்டும், அது சாக்ஸுக்குள்ளும் கையுறைக்குள்ளும் போய்ச் சேரும். மாட்டும் முன் உதறுங்கள். (எங்கள் தொழிலில் இது பழைய பாடம்: காரணம் தெரியாமல் அழுகிற பிள்ளையை முழுக்கத் துணி கழற்றி, பத்து கால்விரல், பத்துக் கைவிரல், ஆண் பிள்ளை என்றால் அதையும் பார்க்க வேண்டும். அவசரத்தில் விடுகிறவர்களில் நாங்களும் உண்டு.)

உண்மையில் சாக்ஸ் எதற்கு? "கை கால் சில்லுன்னு இருக்கு." பச்சைப் பிள்ளைக்குக் கை கால் அப்படித்தான் இருக்கும். குளிர்கிறதா என்று பார்க்க நெஞ்சையோ பிடரியையோ தொடுங்கள். இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர் என்பதால் வருஷத்தில் பாதி நாள் குளிர்காலம் என்று ஒரு நினைப்பு. டிசம்பர் விடியற்காலையில்கூட நாகர்கோவிலில் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். இதில் உல்லன் தொப்பி, உல்லன் சாக்ஸ், மேலே ஒரு போர்வை. வேர்க்குருவோடு வந்து "அலர்ஜியா டாக்டர்?" என்று கேட்கிறீர்கள். எடை குறைந்த, மாதம் முந்திப் பிறந்த பிள்ளைக்குத் தொப்பி வேண்டும், அதை நாங்களே சொல்லி அனுப்புவோம். மற்ற பிள்ளைகள் வீட்டுக்குள் தூங்கும்போது தொப்பி வேண்டாம். ஒரு வயது வரை படுக்கையில் பொம்மையும் வேண்டாம்.

பொம்மைக்குக் கண் வைக்கிற கறுப்பு பிளாஸ்டிக் மணி பற்றியும் சொல்ல வேண்டும். 'சேஃப்டி கண்' என்று பெயர் போட்டு விற்கிறார்கள். குரோஷா பின்னல் இழுத்தால் விரியும். பின்னால் மாட்டிய வில்லையோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். மூன்று வயதுக்குள் எல்லாம் வாய்க்குத்தான் போகும். கறுப்பு நூலில் கண்ணைத் தைத்துவிடுங்கள். பட்டன், முத்து, தொப்பிக்குக் கழுத்தில் கட்டும் நாடா, எதுவும் வேண்டாம்.

இன்னொன்று, இதைக் கேட்டால் பலர் நம்புவதில்லை. மூத்த பிள்ளைக்குப் பின்னியதைப் பாச்சை உருண்டை போட்டுப் பெட்டியில் வைத்திருந்து இளையதற்கு எடுப்பீர்கள். அந்த உருண்டை நாப்தலின் என்றால், ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த பிள்ளைக்கு அந்த வாசனையே ரத்த அணுக்களை உடைத்துக் கடுமையான மஞ்சள்காமாலையைக் கொண்டுவரலாம். குறைபாடு இருப்பது பல வீடுகளில் தெரிந்தே இருக்காது. பிள்ளை உள்ள வீட்டில் அந்த உருண்டையே வேண்டாம். வேப்பிலை போடுங்கள்.

பின்னவே கூடாது என்று சொல்லவில்லை. பருத்தி நூலில், ஓட்டை இல்லாத நெருக்கமான பின்னலில், வாய் துடைக்கிற கைத்துண்டு பின்னுங்கள். ஒரே நிறம், நேர்நேராக வரிசை, இரண்டே வால். சாயங்காலம் சீரியல் பார்த்துக்கொண்டே ஒன்று முடியும். விரல் நுழைகிற லேஸ் டிசைன் எல்லாம் மேசை விரிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

விரலில் நூல் இறுகியிருப்பதைப் பார்த்துவிட்டால், தயவுசெய்து இழுக்காதீர்கள். எண்ணெய் விட்டுக் காத்திருக்காதீர்கள். ஒரு வீட்டில் முடி நீக்கும் கிரீம் தடவிக் கூட்டி வந்தார்கள். அது முடியைத்தான் கரைக்கும், நூலை ஒன்றும் செய்யாது. முனை தெளிவாக வெளியே தெரிந்தால் மட்டும் நகம் வெட்டுகிற சின்னக் கத்தரியால் வெட்டுங்கள். வெட்டிய பிறகும் வீக்கத்துக்கு அடியில் இன்னொரு சுற்று இருக்கலாம், அதனால் அப்படியே கிளம்பி வாருங்கள். இரவு இரண்டு மணி ஆனாலும் சரி, விடியட்டும் என்று இருக்காதீர்கள்.