சிரப்: பாகா, பாணியா?

கொக்டெயில் செய்முறை ஒன்றைத் தமிழில் எழுத உட்காருகிறவர்கள் முதலில் தடுக்கி நிற்கும் சொல் சிரப். கொழும்பு பார்களில் எல்லோரும் அப்படியேதான் சொல்கிறார்கள். எழுதும்போது சிலர் 'சர்க்கரைப் பாகு' என்கிறார்கள், சிலர் 'இனிப்பூட்டி' என்று போட்டுவிடுகிறார்கள். இனிப்பூட்டி என்றால் சக்கரினும் அதில் அடங்கும், அதை விட்டுவிடலாம். பாகு நல்ல சொல்தான், ஆனால் இந்த இடத்துக்கு அல்ல. இதற்குப் பொருத்தமான சொல் இலங்கைத் தமிழில் ஏற்கெனவே புழங்குகிறது: பாணி.

சிரப்பின் வேர் அரபு. 'குடித்தல்' என்ற பொருள்கொண்ட அந்த வேரிலிருந்து ஷராப் பிறந்தது. குடிக்கும் எதுவும் முதலில் ஷராப்தான். அரபு மருத்துவத்தோடு அது இலத்தீனுக்குப் போய், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் சிரப் ஆனது. அதே வேரின் இன்னொரு கிளை பாரசீகம், உருது என்று சுற்றி நம்மிடம் சர்பத்தாக வந்தது. நோன்புக் காலத்தில் கசகசா மிதக்கும் சர்பத்தும், இருமலுக்குக் கொடுக்கும் சிரப்பும் ஒருதாய்ப் பிள்ளைகள். உருதுவிலும் இந்தியிலும் ஷராப் இன்று மதுவையே குறிக்கும். சர்பத் என்றால் நமக்குப் பெரும்பாலும் கலந்து முடித்த பானம். ஆகவே கலவைக்குள் ஊற்றும் பொருளுக்கு அந்தப் பெயரும் சரிவராது.

சரி, பாகுக்கு என்ன குறை? பழமையில் ஒரு குறையும் இல்லை. ஔவையார் பிள்ளையாருக்குப் படைக்கும் நான்கில் பாலுக்கும் தேனுக்கும் அடுத்து வருவது பாகுதான். ஆனால் இன்றைய பேச்சில் பாகு அடுப்போடும் பதத்தோடும் ஒட்டியது. எள்ளுருண்டைக்கும் பயற்றம் பணியாரத்துக்கும் காய்ச்சுவது பாகு. விரலிடையில் தொட்டு இழுத்தால் கம்பி வர வேண்டும். அந்தப் பதத்துக்கு வந்ததை ஐஸோடு குலுக்கிப் பாருங்கள். குளிர் பட்டதும் இறுகிக் கிளாஸின் அடியில் போய் உட்காரும். மேலே புளிப்பு, கடைசி மிடறு மட்டும் தித்திப்பு. செய்முறையில் 'பாகு' என்று படித்து அப்படியே காய்ச்சியவரைக் குறை சொல்ல முடியாது, சொல் அவரை அங்கேதான் கூட்டிப்போகும்.

கொக்டெயிலுக்கு வேண்டியது ஊற்றினால் ஓடும் கரைசல். 200 கிராம் சீனி, 200 கிராம் தண்ணீர். சுடுநீரில் கலக்கினாலே கரைந்துவிடும். கொதிக்கவிட்டால் நீர் ஆவியாகி அளவு மாறும். இதை நான் சீனிப்பாணி என்கிறேன். கித்துள் பாணி, பனம்பாணி, பாணிப் பனாட்டு, பாணி மருந்து என்று ஓடும் இனிப்புக்கெல்லாம் இங்கே இந்தச் சொல்தான். அகராதிகளில் பாணிக்கு நீர் என்ற பொருளும் உண்டு. சிங்களக் கடைக்காரர் கித்துள் பாணியைக் 'கிதுல் பெணி' என்பார், இரு பக்கமும் புரியும். 'அவர் பாணியில்' என்னும்போது வரும் பாணியோடு குழம்பிவிடாதா என்று கேட்கலாம். முன்னால் ஒரு பொருட்பெயர் வந்துவிட்டால் குழப்பமே இல்லை: இஞ்சிப் பாணி, கறுவாப் பாணி, மாதுளைப் பாணி. சுவையூட்டிய சிரப் என்று சுற்றி எழுதவும் தேவையில்லை.

இனிப்பின் கணக்கும் பாணியின் செறிவில்தான் இருக்கிறது. தென்னஞ் சாராயம் 60 மில்லிலீற்றர், தேசிக்காய்ச் சாறு 20, சீனிப்பாணி 20. நல்ல தொடக்கம் இது. சீனியை இரு பங்காக்கிச் செய்த கெட்டிப்பாணி என்றால், அதே 20இல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு சீனி இருக்கும். அப்போது 14 போதும். எந்தப் பாணி என்று சொல்லாமல் 'சிரப் 20' என்று மட்டும் எழுதுவது பாதிச் செய்முறைதான். கலந்ததும் ஐஸ் போடாமல் சுவைத்தால் தித்திப்பு கொஞ்சம் தூக்கலாகத் தெரியும். உடனே குறைக்க வேண்டாம். குளிரில் நாக்குக்கு இனிப்பு மட்டுப்படும், குலுக்கும்போது ஐஸ் கரைந்த நீரும் சேரும்.

மணம் போதவில்லை என்று பாணியைக் கூட்டுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. மணத்தோடு சீனியும் கூடிவிடுகிறதே! கறுவாவை இன்னும் கொஞ்சம் அதிகமாகப் போட்டு, இரவு முழுக்க ஊறவிட்டு, பாணியையே மணமாக்க வேண்டும், அளவு 20ஐத் தாண்ட வேண்டியதில்லை. இஞ்சி பியர் ஊற்றும் கலவையில் அதன் சீனியையும் கணக்கில் எடுக்க வேண்டும், பெரும்பாலும் தேசிக்காய் மட்டும் போதும். கித்துள் பாணி சீனிப்பாணியைவிடத் தடிப்பு, புகைமணமும் உண்டு. அதைச் சம அளவு வெந்நீரில் தளர்த்திக்கொண்டு 15இல் தொடங்குங்கள். சாராயத்தோடு அது மிக நன்றாகச் சேரும்.