ஒரு நொடியின் மிச்சம்: 9,216

எங்கள் ஊரில் ஒரு பஞ்சு மில் இருந்தது. காலை ஆறு மணிக்குச் சங்கு ஊதும். ஊதுகிறவர் கையால் ஸ்விட்சைப் போட வேண்டும் என்பதால், டீ குடிக்கப் போன நாளில் அரை நிமிஷம் பிந்தும். அவசரப்பட்ட நாளில் அரை நிமிஷம் முந்தும். ஆனால் மில் ஆபீஸ் கடிகாரத்தை ரேடியோ செய்தி நேரத்துக்குத் தினமும் சரிபார்ப்பார்கள். அதனால் எத்தனை வருஷம் போனாலும் அந்தச் சங்கு ஏழு மணிப் பக்கம் நகர்ந்துவிடாது. எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தின் குணம் வேறு. ஒரு முள் அசைவுக்கும் அடுத்த அசைவுக்கும் இடையே தடுமாற்றமே இருக்காது. ஆனால் தினமும் சில நொடிகள் வேகமாக ஓடும்.

முள்ளைத் திருத்த ஸ்டூல் போட்டு ஏறினால் தாத்தா தடுப்பார். “ஒரு நாள் சங்கை வச்சு முள்ளைத் திருப்பாதேடா. ஒரு மாசம் எழுதி வச்சுட்டு அப்புறம் திருப்பு.” அவர் சொன்னதன் முழு அர்த்தம், பல வருஷம் கழித்து ஒரு ஜிபிஎஸ் மாட்யூலையும் ஒரு மைக்ரோகன்ட்ரோலர் (சின்னக் கணினிச் சிப்) போர்டையும் நாலு வயரால் இணைத்து, போர்டின் கடிகாரம் எவ்வளவு பிசகுகிறது என்று அளந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

இன்று வீட்டுக் கடிகாரத்தின் இடத்தில் இருப்பது குவார்ட்ஸ் கிரிஸ்டல். அழுத்தினால் மின்சாரம் தரும், மின்சாரம் கொடுத்தால் வளையும். இதில் முதல் குணத்தை 1880-இல் கண்டுசொன்னவர்கள் ஜாக், பியேர் கியூரி சகோதரர்கள். கைக்கடிகாரத்தைத் திறந்தால் அரிசி மணி அளவில் ஒரு உலோகக் குழல் தெரியும். அதற்குள் இசைக்கவை வடிவில் வெட்டிய குவார்ட்ஸ் துண்டு நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஏன் அந்த எண்? இரண்டை 15 முறை பெருக்கினால் வருவது அது. பதினைந்து முறை பாதியாக்கினால் நொடிக்கு ஒரு துடிப்பு கையில் கிடைக்கும்.

இந்தக் குழலுக்குப் பிடித்த வெப்பநிலை சுமார் 25 டிகிரி. அதைவிடச் சூடானாலும் குளிர்ந்தாலும் அது மெதுவாகத்தான் ஓடும். வேகமாக ஓடுவதே இல்லை. விலகல் டிகிரியின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 10 டிகிரி தள்ளினால் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 3.5 பங்கு. இந்தத் துறையில் பத்து லட்சத்தில் ஒரு பங்கை பிபிஎம் என்பார்கள். ஒரு நாளில் 86,400 நொடிகள் இருப்பதால் ஒரு பிபிஎம் என்பது நாளுக்கு 0.0864 நொடி. அந்தக் கணக்கில், அறை 35 டிகிரியிலேயே கிடக்கும் கோடை மாதத்தில் அந்தக் கடிகாரம் வெயிலுக்கென்றே ஒன்பது நொடி பின்தங்கும்.

மைக்ரோகன்ட்ரோலர் போர்டுகளில் இருக்கும் 16 மெகாஹெர்ட்ஸ் (நொடிக்கு 1.6 கோடி துடிப்பு) கிரிஸ்டல் வேறு சாதி. குவார்ட்ஸை ஏறக்குறைய 35 டிகிரி சாய்வில் சீவி எடுத்த வில்லை அது. ஏடி வெட்டு என்று பெயர். அறை வெப்பநிலையை ஒட்டி அது அவ்வளவாக அலைக்கழியாது. ஒரு எச்சரிக்கை: ஆர்டுயினோ ஊனோ ஆர்3 போர்டில் பளபளவென்று தெரியும் கிரிஸ்டல் டப்பா, யுஎஸ்பி சிப்புக்கு உரியது. முதன்மைச் சிப்பை ஓட்டுவது செராமிக் ரெசொனேட்டர். அது கிரிஸ்டலுக்குத் தூரத்து உறவு. ஆயிரக்கணக்கான பிபிஎம் தள்ளி நின்றாலும் அதன் தரக்குறிப்புப்படி அது பாஸ்தான். அளக்க உட்காரும் முன் எதை அளக்கிறோம் என்று போர்டைத் திருப்பிப் பார்ப்பது நல்லது.

சரி, சங்கு எங்கே? அது 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. ஒவ்வொரு ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலும் ருபிடியம் அல்லது சீசியம் அணுக் கடிகாரங்கள் உள்ளன. அதன் எல்லா சிக்னல்களுக்கும் தாய் 10.23 மெகாஹெர்ட்ஸ். நம் செல்போன் கேட்கிற 1575.42 மெகாஹெர்ட்ஸ் அதன் 154 மடங்கு. ஆனால் தரையில் வைத்துச் சரிசெய்யும்போது 10.23 என்று வைக்க மாட்டார்கள், 10.22999999543 என்று கொஞ்சம் குறைத்தே வைப்பார்கள். மேலே போனதும் ஈர்ப்பு குறைவதாலும் வேகத்தாலும் ஏற்படும் சார்பியல் விளைவுகளைக் கூட்டிக் கழித்தால், கடிகாரம் நாளுக்கு 38 மைக்ரோநொடி வேகமாக ஓடும் என்பதால் இந்த முன்கூட்டிய கழிவு. ஜிபிஎஸ் போல நம் நாடு அமைத்த நாவிக்கும் அணுக் கடிகாரத்தை நம்பித்தான் இருக்கிறது. 2013-இல் ஏவிய அதன் முதல் செயற்கைக்கோளில் மூன்று ருபிடியம் கடிகாரங்களும் செத்துப்போனதும், இருப்பிடம் சொல்லும் வேலைக்கு அது உதவாமல் போனது. 2023 மே 29-இல் போன நாவிக் செயற்கைக்கோள் என்விஎஸ்-01, உள்நாட்டிலேயே செய்த ருபிடியம் கடிகாரத்தோடு போனது.

சென்னை ரிச்சி தெருவிலோ இணையத்திலோ சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஜிபிஎஸ் மாட்யூலில் பிபிஎஸ் என்று ஒரு கால் இருக்கும். ஒவ்வொரு நொடியும் தொடங்கும்போது அதில் ஒரு மின்துடிப்பு வரும். கண் சிமிட்டுகிற சிறு எல்இடி பல மாட்யூல்களில் இந்தத் துடிப்பைத்தான் காட்டுகிறது. மலிவு மாட்யூலிலேயே அந்தத் துடிப்பு உண்மையான நொடியிலிருந்து 30 நானோநொடி அளவில்தான் பிசகும். ஒரு நானோநொடியில் ஒளி போகும் தூரம் பள்ளிக்கூட ஸ்கேல் நீளம், 30 சென்டிமீட்டர். ஆன்டெனா வயர் நீளமாக இருந்தால் துடிப்பு பிந்தும்தான். ஆனால் எல்லாத் துடிப்பும் ஒரே அளவு பிந்துவதால் நமக்குக் கவலையில்லை. நாம் பார்ப்பது இரண்டு சங்குக்கு இடையிலான நேரத்தை; சங்கின் சத்தம் மில்லிலிருந்து வீடு வந்து சேர ஆகும் நேரத்தை அல்ல.

அளக்கும் முறை அழகானது. பல ஆர்டுயினோ போர்டுகளின் முதன்மைச் சிப்பான ஏடிமெகா328பி-க்குள் ஒரு 16-பிட் எண்ணி இருக்கிறது. கிரிஸ்டலின் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒன்று கூட்டும். 65,535-ஐ எட்டியதும் அடுத்த துடிப்பில், பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டரைப் போலப் பூஜ்யத்துக்குப் போய்விடும். பிபிஎஸ் துடிப்பு ‘இன்புட் கேப்சர்’ காலில் தட்டியதும், அந்தக் கணத்தில் எண்ணி காட்டும் எண்ணை வன்பொருளே படம்பிடித்து வைத்துக்கொள்ளும்; நம் நிரல் எவ்வளவு சோம்பேறியாக வந்து எடுத்தாலும் பரவாயில்லை. கிரிஸ்டல் மிகச் சரியாக இருந்தால் இரண்டு படங்களுக்கு இடையே 1,60,00,000 துடிப்பு. அதில் 244 முழுச் சுற்றுகள் 1,59,90,784. மிச்சம் 9,216.

அந்த மிச்சம் மட்டும் போதும். எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணவே வேண்டாம். கிரிஸ்டல் இரண்டாயிரம் பிபிஎம்முக்கு மேல் விலகினால்தானே மிச்சம் குழம்பும். எந்தக் கிரிஸ்டலும் அவ்வளவு மோசமில்லை. (மேலே சொன்ன ரெசொனேட்டர் குழப்பிவிடும்.) திரையில் 9,376 வருகிறது என்று வையுங்கள். 160 அதிகம். 16 துடிப்புக்கு ஒரு பிபிஎம் வீதம், இந்தக் கிரிஸ்டல் 10 பிபிஎம் வேகம், நாளுக்கு 0.86 நொடி முந்தும். திடீரென்று ஒரு முறை 18,752 வந்தால் பயப்பட வேண்டாம். ஒரு துடிப்பைத் தவறவிட்டிருக்கிறீர்கள். இரண்டு நொடியின் மிச்சம் சேர்ந்து வந்திருக்கிறது.

ஆனால் திரையில் ஓடுவது ஒரே எண் அல்ல. 9,375, 9,376, 9,376, 9,374, 9,377 என்று துள்ளும். முதல் தடவை இதைப் பார்ப்பவர்கள் எல்லோரும் ‘கிரிஸ்டல் ஆடுகிறது’ என்று முடிவுகட்டுவார்கள். நானும் கட்டினேன். அது அநியாயம். அந்த ஒரு நொடிக்குள் கிரிஸ்டல் ஆடுவது இந்த எண்ணியின் கண்ணுக்கே தெரியாத அளவு. நாம் பார்க்கும் ஆட்டத்தில் பெரும்பங்கு சங்கு ஊதுகிறவருடையது. வளிமண்டலத்தின் அயனி அடுக்கு சிக்னலைத் தாமதப்படுத்தும் அளவு மாறுகிறது. பக்கத்து வீட்டுச் சுவரில் பட்டுத் திரும்பி வரும் எதிரொலி சேர்கிறது. இதற்கு மேல் ஒரு வேடிக்கை: மாட்யூலுக்குள்ளும் ஒரு கிரிஸ்டல் இருக்கிறது. நொடி எப்போது தொடங்குகிறது என்று மாட்யூல் கணக்குப் போட்டு அறிந்தாலும், துடிப்பைத் தன் சொந்தக் கிரிஸ்டலின் அடுத்த துடிப்பு வரும்போதுதான் வெளியே விட முடியும். டவுன் பஸ் நினைத்த இடத்தில் நிற்காமல் ஸ்டாப்பில் மட்டும் நிற்பதைப் போல. அந்த மிச்சம் மீதி நானோநொடிகள் ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கும். இவற்றோடு நம் எண்ணியின் ஒரு துடிப்பே 62.5 நானோநொடி அகலம்.

இங்கேதான் தாத்தாவின் ‘ஒரு மாசம்’ வருகிறது. துடிப்பின் பிசகு சேர்ந்துகொண்டே போவதில்லை. ஆயிரமாவது துடிப்பும் முதல் துடிப்பைப் போலவே சில பத்து நானோநொடிதான் பிசகும். கிரிஸ்டலின் பிசகோ கந்துவட்டி மாதிரி ஏறும். ஒவ்வொரு நொடியின் மிகையையும் கூட்டிக்கொண்டே போய், 1,000 நொடியில் 1,59,640 என்று வந்தால், நொடிக்கு 159.640, அதாவது 9.9775 பிபிஎம். அதில் ஒன்றிரண்டு துடிப்பு முன்பின் இருந்தாலும் கடைசி இலக்கம்தான் ஆடும். ஒரு நொடியில் பிபிஎம்மின் பதினாறில் ஒரு பங்கைவிடச் சிறிதாகப் பார்க்க முடியாத கருவி, பதினேழு நிமிஷம் பொறுத்தால் அதைப் போல ஆயிரம் மடங்கு நுணுக்கமாகப் பார்க்கிறது. இதற்குக் கூடுதல் செலவு ஒரு பைசா இல்லை.

ஒரு இரவு ஆன்டெனாவை ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் பார்த்தால் நடு இரவுக்குப் பிறகு கோடு பட்டுப் போல் வழவழப்பு, துள்ளலே இல்லை. அரை மணி நேரம் சந்தோஷமாக இருந்தேன். உண்மையில் ஆன்டெனா சரிந்து சிமென்ட் சன்ஷேடுக்கு அடியில் போய், செயற்கைக்கோள்கள் எல்லாம் கைவிட்டுப் போயிருந்தன. என் மாட்யூல் துடிப்பை மட்டும் நிறுத்தவில்லை. தன் சொந்தக் கிரிஸ்டலை வைத்து ஊதிக்கொண்டே இருந்தது. ஒரு கிரிஸ்டலை இன்னொரு கிரிஸ்டலால் விடிய விடிய அளந்திருக்கிறேன். அதற்குப் பிறகு, துள்ளல் இல்லாத கோட்டைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம். இப்போது ஆன்டெனா மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்.

விலகல் வேறு, நிலையாமை வேறு. தினமும் சரியாகப் பத்து நொடி முந்துகிற கடிகாரம் நிலையானது; கழித்துக்கொண்டால் போயிற்று. இன்று பத்து, நாளை பதிமூன்று, மறுநாள் எட்டு என்பதுதான் தொல்லை. சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகிறது என்று சொல்லும் வழக்கமான திட்ட விலக்கம் இங்கே கைகொடுக்காது. சராசரியே நகர்ந்துகொண்டிருக்கும்போது எதிலிருந்து விலகலை அளப்பது? நாள் கூடக் கூட விடையும் பெருத்துக்கொண்டே போகும். 1966-இல் அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தில் இருந்த டேவிட் ஆலன் இதற்கு எளிய வழி சொன்னார். சம இடைவெளியில் மூன்று தடவை கடிகாரம் காட்டும் முந்தலைக் குறியுங்கள். 0, 10, 20 என்றால் மூன்றும் ஒரே நேர்கோட்டில், குற்றம் பூஜ்யம். 0, 10, 23 என்றால் மூன்று தள்ளிவிட்டது. இந்தத் தள்ளல்களின் வர்க்கச் சராசரியிலிருந்து வருவதுதான் ஆலன் விலக்கம். இடைவெளியை ஒரு நொடி, பத்து நொடி, நூறு நொடி என்று மாற்றி மாற்றிக் கணக்கிட்டு வரைய வேண்டும்.

வரைபடம் முதலில் சறுக்குமரம் போல இறங்கும். அந்தப் பகுதி செயற்கைக்கோளின் துள்ளல். இடைவெளி பத்து மடங்கானால் விலக்கம் பத்தில் ஒரு பங்காகும். பிறகு ஓரிடத்தில் தரை தட்டி மெல்ல மேலேறும். அங்கிருந்து பேசுவது கிரிஸ்டல்: வெப்பம், முதுமை. என் வரைபடத்தில் ஏறும் பகுதியில் ஒரு திமில் இருந்தது, நாலைந்து நிமிஷ இடைவெளியில். இரண்டு நாள் அதற்குக் காரணம் புரியவில்லை. சுழற்சியாக வரும் தொந்தரவு, தன் சுழற்சிக் காலத்தின் பாதிக்குச் சற்றுக் குறைவான இடத்தில் இப்படித் திமில் எழுப்பும் என்று தெரிந்த பிறகு, கணக்குப் போட்டால் பத்துப் பன்னிரண்டு நிமிஷச் சுழற்சி. அறையில் பத்துப் பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஒரு முறை நடப்பது என்ன? ஏசியின் கம்ப்ரஸர் ஓடி நிற்பது. ஏசியை அணைத்துவிட்டுப் போர்டைத் தெர்மாகோல் டப்பாவில் வைத்து மூடியதும் திமில் அமுங்கியது.

இப்படி வெப்பத்துக்கு ஆடுவதைத் தடுக்கத்தான் ஓசிஎக்ஸ்ஓ என்ற வகையில் கிரிஸ்டலை ஒரு குட்டி அடுப்புக்குள் வைத்து, 75, 80 டிகிரி போல ஒரே சூட்டில் ஆயுள் முழுக்கக் காய்ச்சுகிறார்கள். செல்போன் கோபுரங்களின் கருவிகளில் அப்படிப்பட்ட கிரிஸ்டலையும் ஜிபிஎஸ்ஸையும் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் கிரிஸ்டலைத் திருத்தினால் சங்கின் துள்ளல் முழுக்க அதன் தலையில் ஏறும். திருத்தாமலே விட்டால் அது தன் போக்கில் போய்விடும். எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை காதைத் திருக வேண்டும் என்பதற்கு விடை அந்த வரைபடத்திலேயே இருக்கிறது: செயற்கைக்கோளின் இறங்கு கோடும் கிரிஸ்டலின் கோடும் வெட்டிக்கொள்ளும் இடம். என் மலிவு கிரிஸ்டலுக்கு அது சில பத்து நொடிகள். நல்ல ஓசிஎக்ஸ்ஓவுக்கு ஆயிரம் நொடியைத் தாண்டும். அரை நிமிஷம் பிசகும் மில் சங்குக்கும் நாளுக்குச் சில நொடி முந்தும் சுவர்க் கடிகாரத்துக்கும், தாத்தாவின் கணக்கில், ஒரு மாதம்.