தொடைத் தமனியில் ஊசி சேர வேண்டிய நான்கு சென்டிமீட்டர்

இதயக் குழாய்களில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் ஆஞ்சியோகிராம் பரிசோதனை இன்று பெரும்பாலும் மணிக்கட்டு வழியாகவே செய்யப்படுகிறது. ஆனால் மார்பைத் திறக்காமல் பெருந்தமனி வால்வை மாற்றுவது போன்ற, தடிமனான கருவிகளை உள்ளே செலுத்த வேண்டிய சிகிச்சைகளுக்குக் கவட்டியில் உள்ள தொடைத் தமனியே முதன்மையான வழி. மணிக்கட்டுத் தமனியின் விட்டம் 2 அல்லது 3 மி.மீ. அளவே, தொடைத் தமனியோ ஏறக்குறைய 6 முதல் 9 மி.மீ. வரை அகலமுள்ளது.

இவ்வளவு அகலமான குழாய்க்குள் நுழைவது பெரிய காரியமன்று. வேலை முடிந்து, உள்ளே செலுத்திய குழாயான கதீட்டரை வெளியே எடுத்தபின், இதயத்தின் முழு அழுத்தத்தோடு ரத்தம் பாய்ந்துகொண்டிருக்கும் ஒரு தமனியின் சுவரில் மிஞ்சியிருக்கும் துளையை எப்படி அடைப்பது என்பதே கவலைக்குரியது. ஊசியை எங்கே குத்த வேண்டும் என்பதை முதன்மையாகத் தீர்மானிப்பது இந்தக் கவலைதான்.

இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து பூப்பெலும்பு வரை கயிறு கட்டியது போலக் கவட்டுத் தசைநார் சரிவாகச் செல்கிறது. அடிவயிற்றிலிருந்து இறங்கி வரும் தமனி, இந்தத் தசைநாரின் அடியில் புகுந்து தொடைக்குள் வரும் இடத்திலிருந்து தொடைத் தமனி என்று பெயர் பெறுகிறது. அங்கிருந்து சுமார் 4 செ.மீ. தூரம் ஒரே குழாயாக வந்து, பிறகு மேலோட்டமான கிளை, ஆழமான கிளை என இரண்டாகப் பிரிகிறது. பிரிவதற்கு முன்னுள்ள இந்தச் சிறு துண்டில்தான் ஊசி சேர வேண்டும். அதற்கு நேர் பின்னால் தொடை எலும்பின் உருண்டையான தலை இருப்பதால், மேலிருந்து விரல்களால் அழுத்தும்போது தமனி எலும்பின்மீது நசுங்குகிறது, ரத்தம் நிற்கிறது. எலும்பின் துணை இல்லாத இடத்தில் எவ்வளவு அழுத்தினாலும் தமனி மென்மையான சதைக்குள் அமிழ்ந்து போகுமே தவிர, துளை மூடாது.

ஊசி தசைநாருக்கு மேலே போய்விட்டால் நேரும் தவறே மிக ஆபத்தானது. அங்கிருந்து கசியும் ரத்தம் வயிற்றறைக்குப் பின்னால் இருக்கும் இளகிய இடத்தில் தேங்குகிறது. கவட்டியில் வீக்கமே தெரியாமல் இருக்கக்கூடும். நோயாளி முதுகு வலிக்கிறது, விலா வலிக்கிறது என்று சொல்வார். சற்று நேரத்தில் நாடித்துடிப்பு வேகமெடுத்து ரத்த அழுத்தம் சரியும். தொடை வழியாகச் சிகிச்சை பெற்றவர் சொல்லும் முதுகுவலியை, நெடுநேரம் படுத்திருந்ததால் வந்தது என்று யாரும் ஒதுக்கிவிடக் கூடாது.

மிகவும் கீழே குத்தினால் வரும் சிக்கல்கள் வேறு. அங்கே கிளைகள் மெல்லியவை; அழுத்த எலும்பும் இல்லை. துளை சரியாக மூடாமல், தமனிக்கு வெளியே ரத்தம் துடிக்கும் பையாகத் தேங்கலாம். இதைப் போலித் தமனிவீக்கம் என்பர். கவட்டியில் வெளிப்புறமிருந்து உட்புறமாக நரம்பு, தமனி, சிரை என்று வரிசையாக அமைந்திருக்கும் இவற்றில், சிரையானது தொடையில் இறங்க இறங்கத் தமனிக்குப் பின்புறமாக நகர்கிறது. ஆகவே கீழே குத்தும் ஊசி இரண்டையும் துளைத்து, தமனி ரத்தம் நேராகச் சிரைக்குள் பாயும் வழியைத் திறந்துவிடக்கூடும்.

அந்த 4 செ.மீ. துண்டை வெளியிலிருந்து கண்டுபிடிப்பது எப்படி? தோலில் தெரியும் கவட்டு மடிப்பை அடையாளமாகக் கொள்ளும் பழக்கம் நம்பத்தக்கதன்று என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். மடிப்பு பெரும்பாலும் தசைநாருக்குக் கீழேயே அமைகிறது. உடல் பருத்தவர்களில் இன்னும் வெகுவாகத் தாழ்ந்துவிடுகிறது. எலும்பு இடம் மாறுவதில்லை. எனவே ஓர் உலோக இடுக்கியைத் தோலின்மீது வைத்து, எக்ஸ்ரே திரையில் தொடை எலும்புத் தலையின் கீழ்விளிம்பைக் குறித்துக்கொள்கின்றனர். அங்கே தோலில் 45 பாகைச் சாய்வில் நுழையும் ஊசி மேல்நோக்கிச் சென்று, எலும்புத் தலையின் நடுப்பகுதிக்கு நேராகத் தமனியை எட்டுகிறது.

ஆயினும் தமனி எங்கே கிளைக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு எலும்புத் தலைக்கு எதிரிலேயே பிரிந்துவிடும். எக்ஸ்ரேயில் தமனியே தெரியாது என்பதால் இதை அறிய அல்ட்ராசவுண்ட் தேவை. கருவியை லேசாக அழுத்தினால் சிரை தட்டையாகிவிடும், தமனி துடித்துக்கொண்டே நிற்கும். கிளைக்கும் இடம், முன்சுவரில் படிந்த சுண்ணாம்பு, ஊசியின் நுனி எல்லாம் கண்ணெதிரே தெரியும்.

ஊசி, அதன் வழியே கம்பி, கம்பியின்மேல் குழாய் என்ற முறையை 1953இல் வெளியிட்டவர் சுவீடனின் ஸ்வென் ஐவர் செல்டிங்கர். அவரது முறையில் ஊசி தமனியின் இரு சுவர்களையும் துளைத்தபின் சற்றுப் பின்னிழுக்கப்பட்டது; இன்று முன்சுவரை மட்டுமே துளைக்கின்றனர், ஏனெனில் பின்சுவரில் விழும் துளையை விரலால் அழுத்தி மூடுவது கடினம்.

கடைசியில் குழாயை உருவும்போதும் அதே சாய்வை நினைவில் வைக்க வேண்டும். தோலில் தெரியும் துளைக்கு ஓரிரு செ.மீ. மேலேதான் தமனியின் துளை இருக்கிறது. விரல்கள் அங்கே அழுத்த வேண்டும், பொதுவாக 15 முதல் 20 நிமிடங்கள் வரை.