நல்லூர்க் கொடியேற்றத்திலிருந்து தீர்த்தம் வரை: ஒரு மாத நிலவு

யாழ்ப்பாணத்தில் நிலவைக் கவனித்துப் பழக ஏற்ற காலம் எது என்று கேட்டால், நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா நாட்களைத்தான் சொல்வேன். ஆடி அமாவாசை கழிந்து ஐந்தாறு நாளில் கொடி ஏறுகிறது. இருபத்தைந்தாம் நாள், அடுத்த அமாவாசையில் தீர்த்தம். ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரை சராசரியாக 29.53 நாள். அதில் தொடக்கத்துச் சில நாட்கள் போக மீதி எல்லாம் திருவிழாவுக்குள் வந்துவிடுகின்றன. கோயிலுக்குப் போகிற நேரமும் பெரும்பாலும் ஒன்றேதான். தினமும் அதே வீதியில் அதே நேரத்தில் அண்ணாந்து பார்த்தால், நேற்று எங்கே நின்ற நிலவு இன்று எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

2024ஆம் ஆண்டுத் திருவிழாவை எடுத்துக்கொள்வோம். ஆகஸ்ட் 4 பிற்பகல் அமாவாசை, 9ஆம் திகதி கொடியேற்றம். அன்று சூரியன் மறைந்தபோது பிறை தென்மேற்கு வானில் இருந்தது. இரவு பத்து மணியளவில் மறைந்தது. 12ஆம் திகதி அரை நிலா. அது மாலையில் தெற்கு வானில் நின்று, நள்ளிரவை ஒட்டி மறைந்தது. 18ஆம் திகதி மஞ்சத் திருவிழா. அன்று பொழுது சாயும்போதே நிலா கிழக்கில் ஏறியிருந்தது. மறுநாள் பூரணை, போயா விடுமுறை. 26ஆம் திகதி மறுபடியும் அரை நிலா. ஆனால் இந்த முறை அது உதித்ததே நள்ளிரவை ஒட்டித்தான்.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. நிலவின் வடிவமும் அது உதிக்கும் நேரமும் இரண்டு தனித்தனிச் செய்திகள் அல்ல. வானில் சூரியனுக்கும் நிலவுக்கும் இடையில் எத்தனை பாகை இருக்கிறது என்பதுதான் இரண்டையும் தீர்மானிக்கிறது. பூரணையில் இடைவெளி 180 பாகை. அதனால்தான் ஒன்று மேற்கில் இறங்க மற்றது கிழக்கில் ஏறுகிறது. சூரிய ஒளி பட்ட பக்கம் முழுவதும் எங்களைப் பார்த்தபடி இருக்கிறது. முழு நிலா நள்ளிரவில் உதித்ததாக ஒரு கதையில் வாசித்தால், எழுதியவர் வானத்தைப் பார்க்காமல் எழுதியிருக்கிறார் என்று தயங்காமல் சொல்லலாம்.

அந்த இடைவெளி ஒரு நாளில் சுமார் 12.2 பாகை கூடுகிறது. நிலா விண்மீன்களின் நடுவே நாளொன்றுக்குச் சுமார் 13.2 பாகை கிழக்கே நகர்கிறது, சூரியன் ஒரு பாகை நகர்வதுபோல் தெரிகிறது. மிச்சம்தான் இந்த 12.2. பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம். ஆகவே நிலா தினமும் சராசரியாக 50 நிமிடம் பிந்தி உதிக்கிறது. இன்று இரவு 11.40க்கு உதித்தால், அடுத்த உதயம் நாளைக்கு அல்ல, நாளை நள்ளிரவு தாண்டி நாளை மறுதினக் கணக்கில் போய்விடும். தேய்பிறை அரை நிலாவை ஒட்டி ஒரு திகதிக்குச் சந்திர உதயமே இல்லாமல் போவது இதனால்தான்.

இந்த 12 பாகைதான் பஞ்சாங்கத்தின் திதியும். 360 பாகையை முப்பதாகப் பிரித்தால் ஒரு திதிக்கு 12. அமாவாசைத் திதி என்பது சூரியனை நிலா எட்டுவதற்கு முந்தைய கடைசி 12 பாகை. 2024இல் நிலா சூரியனை எட்டியது செப்டெம்பர் 3 காலை 7.25 மணியளவில், தீர்த்தமோ 2ஆம் திகதி. அன்று விடியும்போதே திதி தொடங்கிவிட்டது, ஆகையால் கணக்கில் பிழை இல்லை.

பிறை என்பது நிலவின் மேல் பூமியின் நிழல் விழுவதால் வருகிறது என்று படித்தவர்களும் சொல்லக் கேட்டிருக்கிறேன். நிழல் விழுவது சந்திர கிரகணத்தில் மட்டும்தான். சந்தேகம் இருந்தால், மஞ்சம் முடிந்து ஆறாம் நாள் காலை ஏழு மணிக்கு, வெயில் விழும் இடத்தில் நின்று மேற்கே பாருங்கள். பாதியைவிடப் பெரிதான நிலா பகலிலும் தெரியும். ஒரு தேசிக்காயை (எலுமிச்சையை) கைநீட்டி அதன் பக்கத்தில் பிடியுங்கள். உங்கள் நிழல் அதில் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். தேசிக்காயில் எந்த அளவு வெளிச்சம் படுகிறதோ, எந்தப் பக்கம் படுகிறதோ, நிலவிலும் அப்படியே இருக்கும். பிள்ளைகளுக்கு எத்தனை படம் போட்டுக் காட்டினாலும் இந்த ஒரு நிமிடத்துக்கு ஈடாகாது.

சரி, பிறை எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது? எங்கள் ஊர் நிலநடுக்கோட்டிலிருந்து 9.7 பாகைதான் வடக்கே. அதனால் சூரியனும் நிலவும் போகிற பாதை பல மாதங்களில் அடிவானத்தில் செங்குத்தாக, அல்லது அதற்குக் கிட்டவாக இறங்குகிறது. பிறையின் ஒளிப்பக்கம் எப்போதும் சூரியனைத்தான் பார்க்கும். சூரியன் நேர் கீழே இருந்தால் பிறை தோணி மிதப்பதுபோல் மல்லாந்து கிடக்கும். பங்குனி மாத மாலைப் பிறை பெரும்பாலும் அப்படித்தான், தென்கோடு, அதாவது தெற்குப் பக்க நுனி, சற்றே உயர்ந்திருக்கும். புரட்டாதி, ஐப்பசியில் அந்தப் பாதை தெற்கே நன்றாகச் சாய்வதால் மாலைப் பிறையின் வடகோடு உயரும். அந்த மாதங்களை ஒட்டியே இங்கே பெருமழைக் காலமும் தொடங்குகிறது. எந்தக் கோடு உயர்ந்திருக்கிறது என்று பார்த்து மழையை எதிர்பார்த்தவர்கள் உண்மையில் பருவத்தைத்தான் வாசித்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. பிறை மழையைக் கொண்டுவருவதில்லை. இரண்டும் ஒரே காலத்தில் வருகின்றன.

ஆவணியில் மாலைப் பிறை சாய்ந்திருந்தாலும் விடியற்காலைப் பிறை அப்படி இல்லை. 2024 தேர்த் திருவிழா அன்று அதிகாலை நாலரைக்கு முன்பே மெல்லிய கீற்று கிழக்கில் உதித்துவிட்டது. அது ஏறத்தாழ மல்லாந்தே கிடக்கும். லண்டனிலோ டொரொன்டோவிலோ இருக்கும் சொந்தக்காரர் காண்பதும் அதே அளவு பிறைதான். ஆனால் அங்கே பாதை அடிவானத்தோடு அதிகம் சாய்வதால், பல மாதங்களில் பிறை நிமிர்ந்து நிற்கும். நாளுக்கு நாள் உதயம் பிந்துவதும் இங்கே பெரிதாக மாறாது. அங்கே சில மாதங்களில் கால் மணி நேரமாகச் சுருங்கும், சில மாதங்களில் ஒரு மணியையும் தாண்டும்.

இன்னொன்று: பன்னிரண்டு சந்திர மாதம் சேர்ந்தால் 354 நாள்தான், ஆண்டுக்குப் பதினொரு நாள் குறைவு. அதனால் கொடியேற்றம் 2023இல் ஆகஸ்ட் 21, 2024இல் ஆகஸ்ட் 9, 2025இல் ஜூலை 29 என்று முன்னுக்கு வந்தது. ஆனால் அது ஆடி அமாவாசையைப் பிடித்தே நடக்கிறது, ஆடியோ சூரியக் கணக்கு மாதம். அமாவாசை ஆடிக்கு முன்னே போய்விட்டால் அதற்கு அடுத்ததுதான் ஆடி அமாவாசை ஆகும். திருவிழாவும் ஒரு மாதம் பின்னே தள்ளிப்போகும்.