சங்கிலி அசைந்தால்தான் அயனி நகரும்

2011 முதல் 2018 வரை பாரிஸ் தெருக்களில் ஓடிய ‘ஆட்டோலிப்’ வாடகை மின்கார்களை நிறுத்தி வைத்தாலும் மின்இணைப்பில் போட்டே வைக்க வேண்டியிருந்தது. பேட்டரி ஆறிப்போகக் கூடாது. அதனுள்ளே லித்தியம் அயனிகளை (மின்னூட்டம் பெற்ற அணுக்களை) மின்முனைகளுக்கிடையே கடத்தத் திரவம் கிடையாது, நீண்ட சங்கிலி மூலக்கூறுகளாலான பாலிமர்தான். ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் அது ஒழுங்காக வேலை செய்யும்.

அந்தப் பாலிமரின் பெயர் பாலிஎத்திலீன் ஆக்சைடு. மலச்சிக்கலுக்கு மருத்துவர்கள் தரும் பாலிஎத்திலீன் கிளைக்கால் தூளுக்கு நெருங்கிய உறவு. சங்கிலிதான் பல மடங்கு நீளம். இரண்டு கார்பனுக்கு ஓர் ஆக்சிஜன் என்ற வரிசையில் அது நீண்டுகொண்டே போகும். உப்புகள் இதில் கரைந்து அயனிகளாகப் பிரிவதை 1973இல் ஷெஃபீல்டில் பீட்டர் ரைட்டும் சகாக்களும் அறிவித்தார்கள். இதைக் கொண்டு பேட்டரி செய்யலாம் என்று சில ஆண்டுகளில் முன்மொழிந்தவர் கிரெனோபிளில் இருந்த மிஷேல் அர்மான்.

லித்தியம் அயனியை ஐந்தாறு ஆக்சிஜன்கள் சூழ்ந்து பிடித்துக்கொள்கின்றன. அது நகர வேண்டுமானால் ஒரு பக்கம் பிடி விட வேண்டும், மறுபக்கம் புதிய ஆக்சிஜன் பிடிக்க வேண்டும். கட்டட வேலையில் சாந்துச் சட்டி கைமாறிப் போவதைப் போன்றதுதான் இது. ஆட்கள் கையை நீட்டாமல் விறைத்து நின்றால் சட்டி இருந்த இடத்திலேயே இருக்கும். பாலிமரில் அந்தக் கையசைவு, சங்கிலியின் சிறு துண்டுகள் இடைவிடாமல் நெளிவதுதான். அயனி தன் சங்கிலி வழியே மெதுவாக ஊர்கிறது, அவ்வப்போது பக்கத்துச் சங்கிலிக்குத் தாவுகிறது.

அறை வெப்பநிலையில் இந்தப் பாலிமரின் பெரும்பகுதி படிகமாக உறைந்து கிடக்கிறது. சங்கிலிகள் ஒழுங்காக மடிந்து அடுக்காகிவிட்டால் நெளிய இடமில்லை. ஒழுங்கற்ற பகுதியில்தான் கடத்தல் பெரும்பாலும் நடக்கிறது என்று 1980களில் காந்த ஒத்ததிர்வுச் சோதனைகள் காட்டின. அதனால்தான் அறை வெப்பநிலையில் இதன் கடத்துதிறன் வழக்கமான பேட்டரிகளில் அயனிகளைக் கடத்தும் திரவ மின்பகுளியின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. சுமார் 65 டிகிரியில் படிகங்கள் உருகியதும் அது வேகமாக ஏறுகிறது.

உப்பைக் கூட்டினால் அயனிகள் கூடுமே என்று தோன்றும். கூடத்தான் செய்யும், ஓர் அளவு வரை. அதற்கு மேல் ஒவ்வொரு லித்தியமும் அருகருகே உள்ள சங்கிலிகளை முடிச்சுப் போட்டு இறுக்கிவிடுகிறது; நெளிவு குறைகிறது, கடத்தலும் விழுகிறது.

என் கணக்கில் இதைவிடப் பெரிய தலைவலி எதிரயனி, அதாவது உப்பில் லித்தியத்துக்கு இணையாக வரும் எதிர்மின் அயனி. அதை எந்த ஆக்சிஜனும் பிடித்து வைப்பதில்லை, சுதந்திரமாக ஓடுகிறது. இந்தப் பாலிமரில் பாயும் அயனி மின்னோட்டத்தில் லித்தியத்தின் பங்கு பெரும்பாலும் ஐந்தில் ஒன்றை ஒட்டியே இருக்கிறது. மின்முனைகளில் வேலை செய்வதோ லித்தியம் மட்டும்தான். ஆகவே எதிரயனி ஒரு முனையில் குவிகிறது, மறுமுனையில் உப்பு வற்றுகிறது, வேகமாக மின்னேற்ற முடிவதில்லை.

எதிரயனியைச் சங்கிலியிலேயே வேதிப்பிணைப்பால் கட்டிப்போடுவது ஒரு வழி. ஓட்டம் லித்தியத்துக்கே உரியதாகிறது, ஆனால் மொத்தக் கடத்துதிறன் பெரும்பாலும் சரிகிறது. லித்தியத்தைத் தளர்வாகப் பிடிக்கும் பாலிகார்பனேட், பாலியெஸ்டர் வகைகளைத் தேடுவது இன்னொரு வழி. அவற்றில் லித்தியத்தின் பங்கு பாதியைத் தாண்டுகிறது. ஆனால் பல பாலிகார்பனேட் சங்கிலிகள் பாலிஎத்திலீன் ஆக்சைடு அளவுக்கு நெளிவதில்லை.