அமெரிக்க அரசின் மீது வழக்கு: மனுவை விட சம்மன் முக்கியம்

குடியுரிமை நேர்காணல் முடிந்து 120 நாள் தாண்டியும் முடிவு வரவில்லையென்றால், விண்ணப்பித்தவர் தான் வசிக்கும் பகுதியின் பெடரல் (மத்திய அரசின்) மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். சட்டம் தரும் உரிமை இது. நாடு கடத்தல் வழக்குகளை விசாரிக்கும் இமிக்ரேஷன் கோர்ட்டோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட்டின் கீழ் வருவது.

நியூ ஜெர்சி மாநிலம் முழுக்க ஒரே பெடரல் மாவட்டம். நூவார்க், ட்ரென்டன், கேம்டன் என மூன்று ஊர்களில் நீதிமன்றம் நடக்கிறது. மாவட்ட நீதிபதிப் பணியிடங்கள் 17. ஜனாதிபதி நியமித்து செனட் ஒப்புதல் தரும் ஆயுள்காலப் பதவி அது. மாஜிஸ்திரேட் நீதிபதிகளை இந்த நீதிபதிகளே 8 ஆண்டுகளுக்கு நியமிக்கிறார்கள். வழக்கின் கால அட்டவணை, ஆவணம் கேட்டு வரும் தகராறு, சமரசப் பேச்சு எல்லாம் பெரும்பாலும் மாஜிஸ்திரேட் முன்புதான். இரு தரப்பும் சம்மதித்தால் அவரே தீர்ப்பும் சொல்லலாம். சம்மதிக்க மறுப்பதால் யாருக்கும் பாதகம் வராது.

தாக்கல் கட்டணம் 405 டாலர். கட்ட வசதியில்லாதவர்கள் விலக்குக் கேட்டு மனுச் செய்யலாம். கிளார்க் அலுவலகம் மனுவை வாங்கி எண் போட்டு, சம்மனில் கையெழுத்தும் முத்திரையும் இட்டுத் தரும். சட்ட ஆலோசனை தராது, தரவும் கூடாது. வக்கீல் இல்லாமல் அவரவர் வழக்கை அவரவரே நடத்தலாம். ஆனால் வக்கீலாக இல்லாத கணவர் மனைவிக்காக ஆஜராக முடியாது.

வழக்குகள் சிக்கி நிற்பது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். குடிவரவுத் துறைக்கு மட்டும் ஒரு கவர் அனுப்பிவிட்டுக் காத்திருப்பார்கள். அது போதாது. அரசின் மேல் வழக்கென்றால் சம்மனும் மனுவின் நகலும் மூன்று இடங்களுக்குப் போக வேண்டும்: அந்த மாவட்டத்தில் அரசுக்காக வாதாடும் வக்கீலான யு.எஸ். அட்டர்னியின் அலுவலகம், வாஷிங்டனில் உள்ள அட்டர்னி ஜெனரல் (ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட்டின் தலைவர்), சம்பந்தப்பட்ட துறை. பின்னிரண்டுக்கும் பதிவுத் தபால் அல்லது சர்ட்டிஃபைட் தபால். அனுப்புகிறவர் 18 வயது நிரம்பியவராக, வழக்கில் தரப்பினர் அல்லாதவராக இருக்க வேண்டும். வழக்குப் போட்டவரே அனுப்பினால் அந்த சம்மன் செல்லுமா என்ற ஆட்சேபம் வரும். அனுப்பியதற்கான பிரமாணத்தையும் தபால் ரசீதுகளையும் கோர்ட்டில் தாக்கல் செய்யுங்கள்.

இதற்கெல்லாம் தாக்கல் செய்த நாளிலிருந்து 90 நாள் அவகாசம். தகுந்த காரணமின்றித் தவறினால் வழக்குத் தள்ளுபடியாகலாம். அரசு பதில் தர வேண்டிய 60 நாள் கெடு யு.எஸ். அட்டர்னிக்கு சம்மன் சேர்ந்த நாளிலிருந்துதான் ஓடுகிறது. அவரை விட்டுவிட்டால் கெடு தொடங்கவே தொடங்காது. எத்தனை மாதம் காத்திருந்தாலும் பதில் வராததற்குக் காரணம் பல நேரம் இதுதான்.

வழக்கு நடக்கும்போது வீடு மாறினால் 7 நாளுக்குள் புது முகவரியை கோர்ட்டுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நியூ ஜெர்சி நீதிமன்றத்தின் உள்விதி அது. தபால் நிலையத்தில் முகவரி மாற்றிவிட்டால் போதும் என்று இருந்துவிடாதீர்கள்.