புதர்த்தீ அல்ல, காட்டுத்தீ

"பிள்ளை, எங்கடை வளவுக்கை புதர் ஒண்டும் இல்லைத்தானே? அப்ப இது எங்களுக்கில்லை."

கோடை தொடங்குமுன் வீட்டுக்கு வந்த தமிழ்த் துண்டறிக்கையை வாசித்துவிட்டு அம்மா சொன்னது இது. தலைப்பில் பெரிய எழுத்தில் 'புதர்த்தீ எச்சரிக்கை' என்று இருந்தது. நாங்கள் இருப்பது ஆஸ்திரேலியத் தலைநகர் கன்பராவின் மேற்கு ஓரம். இரண்டு தெரு தள்ளினால் யூக்கலிப்டஸ் மரங்கள், அதற்கப்பால் புல்வெளி, அதற்கும் அப்பால் மலை. அம்மா முற்றத்தைப் பார்த்தார்; செவ்வரத்தை இரண்டும் கறிவேப்பிலை ஒன்றும் நின்றன. தாளை மடித்து வைத்துவிட்டார். இந்தச் சொல்லை வானொலியிலும் கூட்டங்களிலும் பல வருடமாகக் கேட்டுச் சகித்திருக்கிறேன். அன்றைக்குப் பிறகு சகிக்க முடியவில்லை.

'புதர்த்தீ' என்பது ஆங்கில 'புஷ்ஃபயர்' (bushfire) என்பதன் நேர்ப்பெயர்ப்பு. ஆஸ்திரேலியர் 'புஷ்ஃபயர்' என்பதில் உள்ள 'புஷ்' செடிப்புதர் அல்ல. காட்டைக் குறிக்கும் டச்சுச் சொல் ஒன்று தென்னாப்பிரிக்கா வழியாக இங்கே வந்து இந்தப் பொருளைத் தந்தது என்பது பலரும் ஏற்கும் வரலாறு. இந்த நாட்டில் திருத்தப்படாத நிலம், மரமும் புல்லும் செடியும் கலந்து கிடக்கும் வெளி, நகரத்துக்கு அப்பாலான நாட்டுப்புறம் எல்லாமே 'புஷ்'தான். நெட் கெல்லியை 'புஷ்ரேஞ்சர்' என்கிறார்கள். அவர் காட்டில் திரிந்த கொள்ளைக்காரர். புதருக்குள் பதுங்கியவர் என்று அதை யாரும் மொழிபெயர்க்கமாட்டார்கள். தீ என்று வந்தவுடன் மட்டும் ஏன் புதர் முளைக்கிறது?

அகராதியைத் திறந்து முதல் பொருளை எடுப்பதால் முளைக்கிறது. புதர் என்றால் தமிழனுக்கு இடுப்பளவு, மிஞ்சினால் ஆளளவு உயரமான செடிக்கூட்டம். பாம்பு கிடக்கும் இடம். அது எரிந்தால் ஒரு வாளி தண்ணீர் போதும் என்றுதான் மனம் கணக்குப் போடும். 2003 ஜனவரி 18, சனிக்கிழமை கன்பராவுக்குள் வந்தது அப்படியானதல்ல. பத்து நாள் முன்பு, 8ஆம் தேதி, மேற்கு மலைகளில் மின்னல் விழுந்து பற்றிய தீ அது. பிற்பகல் 2.45க்கு அவசரநிலை அறிவித்தார்கள். சிறிது நேரத்தில் டஃபி, சாப்மன் முதலான குடியிருப்புகளில் வீடுகள் எரியத் தொடங்கின. நான்கு பேர் இறந்தார்கள். ஏறத்தாழ 500 வீடுகள் போயின. ஸ்ட்ரோம்லோ மலை வானாய்வகத்தின் தொலைநோக்கிகளும் கருகின. டஃபியின் ஓரத்துத் தெருவுக்கு எதிரே நின்று எரிந்தது வளர்ந்த பைன் தோட்டம். அதில் புதர் எங்கே?

'புதர்த்தீ'க்காக வாதாடும் நண்பர் ஒருவர் இருக்கிறார். வனத்தில் எரிவது வேறு, புல்லும் செடியும் கலந்த வெளியில் எரிவது வேறு, காட்டுத்தீ என்றால் அடர்ந்த வனம் மட்டுமே நினைவுக்கு வரும், வேறுபடுத்தத் தனிச்சொல் வேண்டும் என்பார். காடு என்ற சொல்லை அவர் இவ்வளவு குறுக்குவது சரியல்ல. முல்லைக்கு இலக்கணம் சொன்னவர்கள் 'காடும் காடு சார்ந்த இடமும்' என்றார்கள். மாடு மேயும் புல்வெளி அதற்குள் அடக்கம். கொங்குநாட்டில் காடு என்றால் மானாவாரி நிலம். யாழ்ப்பாணத்தில் ஆளில்லாத வீட்டைக் காட்டி 'வளவு காடு பத்திப்போய்க் கிடக்கு' என்போம். 'புஷ்' எவ்வளவு பரந்ததோ காடும் அவ்வளவு பரந்தது. புதர்தான் ஒடுங்கியது. வடமொழியின் தாவாக்கினியைப் பிரித்தாலும் காடும் நெருப்பும்தான் வரும். நமக்குச் சொந்தச் சொல் இருப்பதால் அது தேவையில்லை.

'பற்றைத்தீ' என்று ஈழத்து வாசனையோடு சொல்லலாமே என்று இன்னொருவர் கேட்டார். புதரைக் குறிக்கும் பற்றை எனக்கும் பிரியமான சொல். வெறும் பற்றை எரிந்தால் அப்படிச் சொல்லலாம். ஆனால் இங்கே அதுவும் புதரின் தவறையே செய்கிறது. 'காட்டுத்தீ போலப் பரவியது' என்று வதந்திக்குச் சொல்லிச் சொல்லிச் சொல் தேய்ந்துவிட்டது என்பது மூன்றாவது மறுப்பு. தேயவில்லை. காதில் விழுந்த கணமே வேகம் தெரிகிறது, எச்சரிக்கைக்கு வேண்டியது அதுதான். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேறப் போனவர்கள் சிக்கி இறந்தபோது பத்திரிகைகள் காட்டுத்தீ என்றே எழுதின. அங்கேயும் எரிந்ததில் காய்ந்த புல் நிறைய உண்டு.

அதே தாளில் இன்னும் இரண்டு தவறுகள். 'தீப்பொறித் தாக்குதல்' என்று ஒன்று. பொறி சட்டென்று அணைவது. 2003இல் எங்கள் வளவுக்குள் வந்து விழுந்தவை மரப்பட்டைத் துண்டுகள், ஓரம் சிவந்து கனன்றுகொண்டிருந்த இலைகள். கொடியில் கிடந்த துவாயில் ஒன்று விழுந்து, நான் ஓடிப்போவதற்குள் கையளவு ஓட்டை. மழைநீர் ஓடும் கூரைப் பீலியின் வாயைப் பழந்துணியால் அடைத்துத் தண்ணீர் நிரப்பியிருந்தோம். அதற்குள் விழுந்தவை சீறி அணைந்தன. பல வீடுகளை எரிப்பது தீச்சுவாலை அல்ல, முன்னால் பறந்து வந்து பீலியிலும் ஓட்டு இடுக்கிலும் தங்கும் இவைதான். அதற்குத் தமிழில் தணல் இருக்கிறது, கங்கு இருக்கிறது. தணல்மழை என்று எழுதினால் பீலியில் சருகு கிடக்கிறதா என்று பார்க்கத் தோன்றும்.

மற்றது இன்னும் ஆபத்தானது. இந்த நாட்டு எச்சரிக்கையில் மூன்று படிகள். நடுப்படிக்கு ஆங்கிலத்தில் 'வாட்ச் அண்ட் ஆக்ட்' (Watch and Act) என்று பெயர். அது வந்தால் நிலைமை மாறுகிறது, இப்போதே காரியத்தில் இறங்கு என்று பொருள். அந்தப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'பார்த்துச் செயற்படுங்கள்' என்று போட்டிருக்கிறார்கள். தமிழில் ஒருவரிடம் 'பார்த்துச் செய்யுங்கோ' என்றால் அவசரமில்லை, உங்கள் வசதிப்படி செய்யுங்கள் என்றுதான் அர்த்தம். தாசில்தாரிடமும் சம்பந்தியிடமும் சொல்லுகிற வாக்கியம் அது! மொழிபெயர்த்தவருக்குத் தமிழ் தெரியாமல் இல்லை. எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்து, வீட்டில் ஒரு வயதானவரிடம் 'என்ன விளங்குது?' என்று கேட்கவில்லை. அவ்வளவுதான் குறை. ஆனால் அந்தக் குறைக்கு விலை உயிராக இருக்கலாம்.

நானே பேனா எடுத்து அம்மாவின் தாளில் புதரை வெட்டிக் காடு என்று எழுதினேன். பார்த்துச் செயற்படுவதை வெட்டி 'இப்பவே வெளிக்கிட ஆயத்தமாகுங்கோ' என்று எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார்.

"அப்ப என்ரை மருந்துப் பையையும் பாஸ்போட்டையும் கதவடியிலை வைக்கட்டோ?" என்றார்.